சமதரை தேடி ஒரு பிரயாணம்

குவாவ்தேபெக்

மெக்சிகோ நகரத்தின் வட எல்லையில், குவாதலூப்பே மலைத்தொடரின் சரிவிலே, ஒரு வீட்டின் மொட்டைமாடி அடுத்த வீட்டின் வாசற்படிக்குச் சமமாக நிற்கும்படி அடுக்கடுக்காக ஏறிப்போகும் குவாவ்தேபெக் என்னும் குடியிருப்பில், சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுக்காமல் ஒரு வண்டியை நிறுத்தக்கூடிய இடம் அகப்படுவது துர்லபம். 2021ஆம் ஆண்டு முதல் தலைக்கு மேலே கேபிள் கார்கள் ஓசையின்றிப் போய் வருகின்றன; ஆயினும் கறிகாய் மூட்டையோடும் கைக்குழந்தையோடும் வீட்டு வாசலிலேயே இறங்க வேண்டியவர்கள் இன்றும் நம்பியிருப்பது, மெக்சிகர்கள் 'வோச்சோ' என்று செல்லமாக அழைக்கும் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியைத்தான். என்ஜினின் பாரம் முழுவதும் பின்சக்கரங்களின்மேல் அழுந்தி நிற்பதாலும், வண்டியைத் தள்ளுபவையும் அந்தப் பின்சக்கரங்களே ஆகையாலும், புதிய கார்கள் சக்கரம் வழுக்கித் திணறும் ஏற்றங்களில் அது முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடுகிறது. அந்த வட்டாரத்தார் தங்கள் ஊருக்கு 'வோச்சோலாந்தியா' என்று பட்டம் சூட்டி, அதில் சற்றுப் பெருமையும் கொள்கிறார்கள்.

என்னை அழைத்துப்போக ஒப்புக்கொண்டவர் அவ்வூரில் பட்டறை வைத்திருக்கும் முதியவர். கைத்தொழிலில் தேர்ந்தவர்களை அத்தேசத்தில் 'மாயெஸ்ட்ரோ' என்று அழைப்பது மரபாகையால் நானும் அவ்வாறே அழைத்தேன்; அவர் என்னை, என் தலை நரையைச் சற்றும் பொருட்படுத்தாமல், 'ஹோவென்', அதாவது 'தம்பி', என்றே கடைசிவரை அழைத்தார். ஆங்கிலம் அறிந்த அவருடைய பேத்தி, கல்லூரி விடுமுறையில் இருந்தவள், எங்களுக்கு இடையே மொழியைத் தாங்கும் பொறுப்பை ஏற்றுப் பின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டாள். மலைக்கணவாய் வழியாகப் புவேப்லா நகரம் சென்று, இந்த வண்டி பிறந்த தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தம் சிநேகிதரைப் பார்ப்பது அவருடைய நோக்கம். வழியில் உள்ளவற்றையெல்லாம் பார்ப்பது என்னுடைய நோக்கம்.

புறப்படும் நாள் விடியற்காலையில் வண்டியை அவர் வீட்டு வாசலில் காணோம். மலையடிவாரத்தில் ஒரு சிறு தேவாலயத்தின் முன்னே கல் பாவிய முற்றம் ஒன்று இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் நம்பிக்கை வைத்திருக்கும் சமதரை அது ஒன்றே. முந்தின இரவே வண்டியை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார். நாங்கள் இறங்கிச் சென்றபோது அவர் என்ஜினைக் கிளப்பவில்லை. பின்புறத்து மூடியைத் திறந்து, கழுத்துப்பட்டியில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்து, கையில் ஒரு பிடி பஞ்சுக்கழிவை எடுத்துக்கொண்டார். நம் ஊர்ப் பட்டறைகளில் திருப்பூர் பனியன் வேஸ்ட் செய்யும் காரியத்தை அங்கே அந்தப் பஞ்சு செய்கிறது.

ஆயில் அளக்கும் குச்சி ஒரு முழத்துக்குக் குறைவான மெல்லிய இரும்புக் கம்பிதான். அதன் நுனிக்குச் சமீபத்தில் குறுக்கே இரண்டு கோடுகள். அதை உருவினார், அடியோடு துடைத்தார், மறுபடி கடைசிவரை இறங்கும்படி செருகி, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, நிதானமாக வெளியே எடுத்தார். நுனியை உயர்த்தினால் எண்ணெய் கைப்பிடியை நோக்கி வழிந்து பொய்க்கோடு காட்டும் என்பதால் நுனியைத் தாழ்த்தியே பிடித்து, ஒரு முகத்தைப் பார்த்தபின் கம்பியைத் திருப்பி மறுமுகத்தையும் பார்த்தார். கம்பி வெளியே வரும்போது குழாயின் சுவரில் உராயும் பக்கத்தில் எண்ணெய் மேலே இழுபட்டிருக்கும். ஆகவே இரண்டு முகங்களில் எது குறைவாகக் காட்டுகிறதோ அதையே நம்ப வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். புது எண்ணெய் தேன் நிறமாகத் தெளிந்திருக்கையில் விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது என்று சொல்லி, குச்சியைக் கிழக்கு வெளிச்சத்துக்குச் சாய்த்து எனக்குக் காட்டினார். மட்டம் மேற்கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது. பேத்தி அதைக் கையேட்டில் குறித்துக்கொண்டாள்.

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த யந்திரத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். சேர்வராயன் மலைக்கோ கொடைக்கானலுக்கோ அந்தக் காலத்து அம்பாசடரில் ஏறியவர்கள், பாதி வழியில் வண்டி நின்று, டிரைவர் மூடியைத் துணியால் சுற்றித் திறந்து, சீறி எழும் ஆவிக்கு விலகி, ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியதைப் பார்த்திருப்பார்கள். வோச்சோவில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. எதிரும் புதிருமாகப் படுத்த நான்கு சிலிண்டர்களைப் பெரிய விசிறி ஒன்று காற்றால் குளிர்விக்கிறது. அந்தக் காற்று எட்டாத உள் அங்கங்களின் உஷ்ணத்தைச் சுமந்து வெளியே கொண்டுவருவது எண்ணெய் ஒன்றே. அந்த எண்ணெயும் மொத்தத்தில் 2.5 லிட்டர்தான். குச்சியின் இரு கோடுகளுக்கு நடுவே உள்ளது ஏறத்தாழ 1 லிட்டர். ஆகவே மட்டம் கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டால், ஐந்தில் இரண்டு பங்கு போய், மிச்சம் இருக்கும் ஒன்றரை லிட்டர் முழுப் பாரத்தையும் சுமந்து ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகப்பலகையில் உஷ்ணமானி கிடையாது. இருப்பது ஒரு சிறு விளக்கு. அது எண்ணெயின் அழுத்தத்தைச் சொல்லுமே அன்றி அளவைச் சொல்லாது. அளவு போதாமல் அது எரிகிற நேரத்தில் பட்டறைக்காரருக்கு வேலை கிடைத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெகாமேகா

நகரத்தின் நெரிசலை விட்டு வெளியேறித் தென்கிழக்கே சென்றால், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு அப்பால் இரு பெரும் மலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் காலடியில் உள்ள அமெகாமேகா சந்தைக்குப் பேர்போன ஊர். மெக்சிகோவின் மகாகவிகளில் ஒருவராகப் போற்றப்படும் சோர் ஹுவானா இனேஸ் என்ற பதினேழாம் நூற்றாண்டுக் கன்னித்துறவி பக்கத்துக் கிராமமாகிய நெபாந்த்லாவில் பிறந்து, இந்த ஊரை ஒட்டிய பண்ணையில்தான் வளர்ந்தார். அவர் முகத்தை அத்தேசத்து நாணயத் தாள்களில் பார்த்திருந்தேனாகையால், ஊருக்குள் நுழைந்ததும் பழகிய ஒருவருடைய வீட்டுக்கு வந்தாற்போன்ற ஓர் எண்ணம் உண்டாயிற்று.

மாயெஸ்ட்ரோ சந்தை வாசலில் நிறுத்தவில்லை. இரண்டு தெரு சுற்றி, ஒரு கிடங்கின் பக்கத்துச் சிமெண்டுத் தரையைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினார். அங்கிருந்து உணவுக்கடைக்கு நல்ல நடை. மழையும் தூற ஆரம்பித்திருந்தது. பேத்தி முணுமுணுத்தாள். அவர் அதைக் காதில் வாங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முன்னே நடந்தார்.

நீல நிற மக்காச்சோளத்தை ஊறவைத்து அரைத்த மாவைக் கையால் தட்டி, மண் பூசிய அடுப்பின்மேல் பரந்த கல்லில் போட்டு, பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துக் கொடுத்தாள் ஒரு வயோதிக மாது. சோளக்கதிரில் பூஞ்சை பிடித்துக் கறுத்து உப்பும் மணிகளை நம் விவசாயி கண்டால் வயலை நொந்துகொள்வான். அங்கே அதற்கு உவித்லாகோச்சே என்று பெயரிட்டு வெங்காயத்தோடு வதக்கி விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள். தயங்கித் தின்றேன், பிறகு தயங்காமல் இன்னொன்று கேட்டேன். தொட்டுக்கொள்ள வைத்த பச்சைமிளகாய்ச் சாந்தை நான் கரண்டியோடு எடுப்பதைப் பார்த்த அந்த மாது, அந்நியர்களிடம் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கையைச் சொல்ல வாயெடுத்தாள். "அவர் தேசத்திலும் இது உண்டு, பாட்டி" என்றாள் பேத்தி. "இங்கிருந்து போனதுதானே!" என்றாள் அந்த மாது. அவள் சொன்னது சரித்திரப்படி உண்மை. போர்த்துகீசியர் கப்பலேற்றிக் கொண்டுவருமுன் நம் முன்னோர் மிளகைக் கொண்டே காரம் கண்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று கால் வைத்த கருங்கல்லும் அதன்மேல் நீண்ட குழவியும் கிடந்தன. கால்களை எடுத்துவிட்டால் அது எங்கள் வீட்டு அம்மியேதான்.

சாப்பாடு முடிந்து வண்டிக்குத் திரும்பியபோது கால் மணிக்கு மேல் ஆகியிருந்தது. இந்தத் தாமதம் வயிற்றுக்காக அன்று, குச்சிக்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஓடி வந்த என்ஜினை நிறுத்தியவுடன் அளந்தால், எண்ணெயில் ஒரு பகுதி விசிறிக்கூட்டுக்குள் நிற்கும் ஆயில் கூலரிலும், வால்வுகளைத் தள்ளும் தண்டுகளின் குழாய்களிலும், இருபுறத்து வால்வு மூடிகளிலும் தங்கியிருக்கும். அது மெல்ல வடிந்து அடித்தொட்டிக்கு வரும்வரை குச்சி குறைத்துக் காட்டும். அதைக் கண்டு பயந்து மேலும் ஊற்றுபவன் அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிடுகிறான். பின்னே சுழலும் கப்பியின் அருகே இந்தப் பழைய என்ஜின்களில் ரப்பர் சீல் இல்லை. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் மரைச்சுற்று ஒன்றே காவல். மிகையான எண்ணெய் அந்த வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் வெளியேறி என்ஜின் முழுவதும் பூசிக்கொள்ளும். அதன்மேல் தூசி படியும். தூசி படிந்த இடத்தில் காற்றுக் குளிர்ச்சி தட்டாது. நிரம்ப ஊற்றினால் நன்மை என்று நினைத்தவனுக்கு உஷ்ணமே பலன்.

இதற்கு நேர்மாறான பிசகும் ஒன்று உண்டு. உஷ்ணத்தில் எண்ணெய் விரிகிறது. குளிர்ந்த நிலையில் 2.5 லிட்டர் இருந்தது, 80 டிகிரி சூடு ஏறினால், ஏழில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்குப் பெருகிக் காட்டும். ஒன்று குறைக்க, மற்றொன்று கூட்ட, இரண்டும் கலந்த கணக்கில் ஒருவன் எதைத்தான் நம்புவது? ஆகவே விடியற்காலை அளவே அவருக்குப் பிரமாணம். வழியில் எடுப்பவை, பெரிய நஷ்டம் ஏதும் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கு மட்டுமே. பகல் அளவுகளைப் பேத்தி கையேட்டில் குறித்தபோது பக்கத்தில் ஒரு சிறு வட்டம் போட்டாள்.

சந்தையில் தோல் நீக்காத பச்சை அக்ரோட்டுகளைக் குவித்திருந்தார்கள். எரிமலைச் சரிவில் விளைபவை. புவேப்லாவில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெள்ளைக் குழம்பு ஊற்றிச் செய்யும் மிளகாய்ப் பதார்த்தத்துக்கு இவைதாம் வேண்டுமாம். சிநேகிதருக்கென்று ஒரு பை வாங்கிக்கொண்டோம்.

கோர்த்தேஸ் கணவாய்

அமெகாமேகாவை விட்டதும் சாலை பைன் மரக்காட்டுக்குள் புகுந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. வண்டி மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கி அங்கேயே நிலைத்தது. முகப்பலகையில் ஒட்டியிருந்த குவாதலூப்பே மாதாவின் படம் அதிர்ந்துகொண்டே வந்தது.

கணவாயின் உயரம் 3,600 மீட்டருக்கு மேல். தொட்டபெட்டாவின்மேல் மற்றொரு சிறு மலையை வைத்தால்தான் அந்த மட்டம் வரும். வடக்கே 5,230 மீட்டர் உயரத்தில், பனி போர்த்துப் படுத்த பெண்ணின் உருவத்தில் இஸ்தாக்சிவாத். தெற்கே 5,426 மீட்டர் உயரத்தில், 1994ஆம் ஆண்டு டிசம்பரில் கண்விழித்தது முதல் விட்டுவிட்டுப் புகைந்துவரும் போப்போகாதெபெத். இறந்த காதலியின் பக்கத்தில் தீவட்டி ஏந்தி நிற்கும் வீரன் என்பது பழங்கதை. அடிவாரத்து ஜனங்களோ அந்த எரிமலையைத் 'தோன் கோயோ' என்று வீட்டுப் பெரியவரைப்போலப் பெயர் சொல்லி விசாரித்துக்கொள்கிறார்கள். இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதே காலையில் முதற்பேச்சு. 1519ஆம் ஆண்டு நவம்பரில், சோலூலாவில் இரத்தம் சிந்திவிட்டு வந்த எர்னான் கோர்த்தேஸ் இந்த இடுக்கின் வழியாகத்தான் ஆஸ்தெக்குகளின் ஏரி நகரத்தை முதலில் நோக்கினான். நாங்கள் அவனுக்கு எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தோம்.

இங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஆகையால், நமக்கு மூச்சு வாங்குவதுபோலவே காற்றால் குளிரும் யந்திரத்துக்கும் வாங்குகிறது. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது அள்ளி வீசும் காற்று மெலிந்த காற்று. ஆனால் அந்தக் காற்று மிகவும் குளிர்ந்தது. அதனால் பாதி ஈடு கட்டிவிடுகிறது. கார் நிறுத்தக் கொட்டகை இல்லாத ஜனங்கள் குளிர்கால இரவில் வண்டியைத் தெருவில் விட்டாலும் உறைந்து வெடிக்கத் தண்ணீரே இருக்கக்கூடாது என்பது 1930களில் ஃபெர்டினாண்டு போர்ஷே காற்றுக் குளிர்ச்சியைக் கைக்கொண்டதற்கு ஒரு முக்கிய காரணம். கணவாயில் ஓர் இரவு தங்க நேர்ந்திருந்தால் என் இரத்தம் உறைந்திருக்குமே அன்றி அந்த வண்டிக்கு ஒன்றும் நேர்ந்திராது.

நிறுத்துமிடம் விசாலமாகவும் பார்வைக்குச் சமமாகவும் இருந்தது. ஆயினும் மாயெஸ்ட்ரோ குச்சியைத் தொடவில்லை. எரிமலைச் சாம்பல் காற்றில் மெல்லிய மாவாகப் பறந்துகொண்டிருந்தது. குச்சியை வெளியே எடுத்து அந்தச் சாம்பலை ஒட்டவைத்து மறுபடி உள்ளே விடுவது, கையாலேயே உள்ளே மணல் போடுவதற்கு ஒப்பாகும் என்றார். அவர் திறந்து பார்த்தது வேறொன்று. உள்ளே போகும் காற்றைச் சலிக்க இப்போது எங்கும் காகித வடிகட்டி இருக்கிறது. அவருடைய வண்டியிலோ, ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, காற்றை அதன்மேல் மோதவிட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. அந்தக் கிண்ணத்திலும் ஒரு கோடு உண்டு. அதற்கும் மட்டம் உண்டு. அடியில் சாம்பல் ஒரு விரற்கடை சேறாகப் படிந்திருந்தது. "தோன் கோயோவின் மூக்குப்பொடி" என்று சிரித்து, மூடினார்.

பக்கத்தில் புத்தம் புதிய வண்டியில் வந்த இளைஞர்கள் இருவர் ஆவலோடு எட்டிப் பார்த்தார்கள். தங்கள் வண்டியில் குச்சியே கிடையாது என்றும், எண்ணெய் அளவைத் திரையில் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றும் அவர்கள் சொல்ல, அவர் அதை நம்பவில்லை. மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, குனிந்து, கைவிளக்கு அடித்துத் தேடினார். உண்மையாகவே இல்லை. "அப்படியானால் இதன் வாசனையை எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு அந்த இளைஞர்களிடம் பதில் இல்லை, எனக்கும் அப்போது கேள்வியே விளங்கவில்லை.

சோலூலா

கிழக்குப் பக்கத்து இறக்கம் பெரும்பாலும் கறுத்த எரிமலை மணல் நிறைந்த பாதை. பிரேக்கை நம்பாமல் கியரை நம்பி இறங்கினோம். காடு விலகி, கொல்லைகள் வந்து, கடைசியில் பள்ளத்தாக்கு ஒரே சமவெளியாக விரிந்தது. அதன் நடுவே ஒரு குன்று, குன்றின் உச்சியில் மஞ்சள் மாதாகோயில். குன்று என்று கண் சொல்வது குன்று அன்று. சோலூலாவின் மகா பிரமிடு அது. அடித்தளத்தின் பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 மீட்டர். கன அளவில் உலகத்துப் பிரமிடுகளுள் மிகப் பெரியது. பச்சைச் செங்கல்லால் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, பிறகு புல் முளைத்து மறைந்த அந்தக் கட்டடத்தின்மேல் ஸ்பானியர் தங்கள் கோயிலைக் கட்டினார்கள். தென்னாட்டிலிருந்து போனவனுக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துத்தான் வழக்கம். கோபுரத்தின்மேல் ஏறி நடந்து, அதை மலையென்று நினைத்து மூச்சு வாங்குவது புதிய அனுபவம்.

கீழே வந்து வண்டி நின்ற இடத்தில், அந்தச் சமவெளியில் வேண்டிய அளவு சமதரை இருந்தது. என்ஜினை நிறுத்துமுன் முகப்பலகை விளக்கு மெல்லத் துடித்ததை நான் கவனித்துச் சொன்னேன். இறங்கி வந்த உஷ்ணத்தில் எண்ணெய் இளகியிருக்கிறது, என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆகவே அழுத்தம் குறைவு. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும் என்று காட்டினார். அணைந்தது. ஆனாலும் காத்திருந்து அளந்தார். பார்த்தபின் குச்சியின் நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், என்னிடமும் நீட்டினார். கருகிய எண்ணெய் வாசனையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் நல்லது என்றார்.

அவருடைய பட்டறைக்கு ஒரு டாக்ஸிக்காரர் வருவதுண்டாம். 'எல்லார் வண்டியும் எண்ணெய் குடிக்கிறது, என் வண்டியோ எண்ணெய் சுரக்கிறது. ஊற்றாமலேயே மட்டம் ஏறுகிறது' என்று அந்த மனிதர் நண்பர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாராம். இந்த என்ஜின்களில் பெட்ரோல் பம்பு என்ஜினின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது; அதனுள் இருக்கும் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேரே அடித்தொட்டியில் இறங்கிக் கலந்துவிடும். மட்டம் ஏறும், எண்ணெயோ நீர்த்து, வழவழப்பு அற்றுப்போகும். குறைகிற மட்டத்தைவிட ஏறுகிற மட்டத்துக்கு அதிகமாகப் பயப்பட வேண்டும் என்பதை அந்த டாக்ஸிக்காரர் கிராங்கின் பேரிங்குகளைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டார். கணவாயில் இளைஞர்களைக் கேட்ட கேள்வியின் பொருள் இங்கேதான் எனக்கு விளங்கிற்று. எத்தனை நுட்பமான திரையானாலும் அதற்கு மூக்கு இல்லை.

புவேப்லா

1531இல் ஸ்பானியர் வகுத்த புவேப்லா நகரம் நேர்கோட்டுத் தெருக்களும், வீட்டுச் சுவரெல்லாம் நீலமும் மஞ்சளுமான தலவேரா ஓடுகளும் கொண்டது. நகரத்தின் அருகே 1967இல் தொடங்கிய தொழிற்சாலையில், ஜெர்மனி 1978இல் கைவிட்ட பீட்டிலை மெக்சிகோ மேலும் இருபத்தைந்து வருஷம் விடாமல் செய்துகொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, 21,529,464ஆவது வண்டி மாரியாச்சி வாத்தியம் முழங்க வெளியே வந்து, பிறகு ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க் நகரத்துக் காட்சிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. மாயெஸ்ட்ரோவின் சிநேகிதர் அன்று அங்கே இருந்தவர். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். "பாடகர்கள் நன்றாகத்தான் பாடினார்கள், எங்களுக்குத்தான் கேட்கப் பொறுமை இல்லை" என்றார்.

அவருடைய மனைவியார் மோலே செய்திருந்தார். காய்ந்த மிளகாய்களில் பல ஜாதி, எள், வேர்க்கடலை, பட்டை, கிராம்பு, கடைசியில் கொஞ்சம் கசப்புச் சாக்லேட், எல்லாம் வறுத்து அரைத்துக் கொதிக்கும் கறுத்த குழம்பு அது. சாந்தா ரோசா கன்னிமடத்துச் சமையற்கட்டில் பிறந்தது என்பது ஐதிகம். வான்கோழி இறைச்சியின்மேல் ஊற்றுவது சம்பிரதாயம். நான் சோற்றின்மேல் ஊற்றிப் பிசைந்துகொண்டதை அந்த அம்மையார் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி சோறு வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பின்னே முதியவர்கள் இருவருக்கும் விவாதம் மூண்டது. பல வருஷமாக நடந்துவரும் விவாதமாம். மேற்கோடு வரை நிரப்பினால், முதல் கால் லிட்டரை என்ஜின் தானே வெளியே தள்ளிவிட்டு, தனக்குப் பிடித்த மட்டத்தில் நின்றுகொள்கிறது. ஆகையால் சற்றுக் கீழேயே வைப்பது விவேகம் என்பது மாயெஸ்ட்ரோவின் கட்சி. கோடு போட்டவன் பைத்தியக்காரன் அல்லன், மொத்தமே 2.5 லிட்டர் உள்ள இடத்தில் கால் லிட்டர் என்பது பத்தில் ஒரு பங்கு, அதை விட்டுக்கொடுப்பது உஷ்ணத்துக்கு வழிவிடுவது என்பது சிநேகிதரின் கட்சி. என் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. நான் மோலேயைப் பற்றிப் பேசினேன்.

மறுநாள் விடியற்காலை, இரவெல்லாம் சிநேகிதரின் பட்டறைக்குள் நின்று குளிர்ந்திருந்த வண்டியில் குச்சியை உருவிப் பார்த்தார்கள். மலை ஏறி இறங்கியும் மேற்கோட்டைத் தாண்டி நின்றது எண்ணெய். முகர்ந்தார்கள், பெட்ரோல் இல்லை. பேத்தி கையேட்டைப் புரட்டி, குவாவ்தேபெக்கில் மயிரிழை கீழே இருந்ததைக் காட்டினாள். மூவரும் தரையைப் பார்த்தார்கள். சிநேகிதர் உள்ளே போய்க் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடிற்று. கழுவிவிட்ட தண்ணீர் சாக்கடைக்கு ஓட வேண்டும் என்று கட்டும்போதே வாட்டம் விட்டுப் போட்ட தரை அது. இந்தத் தரையில் அளந்த எத்தனையோ வண்டிகளை நினைத்தோ என்னவோ, அவர் ரசமட்டத்தைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தார். குமிழி மறுபடியும் அந்த ஓரத்துக்கே போயிற்று. மாயெஸ்ட்ரோ வாய் திறக்கவில்லை என்றாலும் அவர் முகத்தில் ஒரு வெற்றி பிரகாசித்தது.

தெருமுனையில் அஞ்சல் நிலையத்துக்கு எதிரே உள்ள கல்தளம் சமமானது என்று அம்மையார் சொன்னார். வண்டியை ஓட்டிப் போகலாமே என்றேன். மூவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். கிளப்பிவிட்டால் எண்ணெய் மேலே ஏறிவிடும், இரவு முழுவதும் காத்தது வீணாகிவிடும். ஆகவே, புலர்ந்தும் புலராத அந்த வேளையில், முதியவர்கள் இருவரும் இருபுறக் கதவுகளைப் பிடித்துத் திருப்ப, நானும் பேத்தியும் பின்னால் நின்று தள்ள, பால்காரர் ஒருவர் காரணம் கேளாமலே வந்து தோள் கொடுக்க, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனோம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தள்ளியதில் ஆடிய எண்ணெய் மீண்டும் அடங்கட்டும் என்று சற்றுப் பொறுத்து, குச்சியை எடுத்தார்கள். மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் உள்ள தூரத்தில் கால்பங்கு இறங்கியிருந்தது.

சிநேகிதர் 20 டபிள்யூ 50 டப்பாவைத் திறந்து கால் லிட்டரை அளந்து கொண்டுவந்தார். மாயெஸ்ட்ரோ எண்ணெய் ஊற்றும் குழலின் மூடியைக் கையால் பொத்திக்கொண்டு, என்ஜின் தனக்குப் பிடித்த மட்டத்தில் இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது என்று ஆரம்பித்தார். பால்காரர் தம் வண்டியை மறந்து அவருடைய கட்சியில் சேர்ந்துகொண்டார். தமலே அவித்துவைத்துக் கூப்பிட வந்த அம்மையார், விவாதம் அடுத்த கட்டத்துக்குப் போவதைக் கண்டு, பேத்தியையும் என்னையும் மட்டும் சாப்பிட அழைத்துப் போனார்.